இடது அம்புக்கு அடியில்

என் மகள் கல்லூரியில் படிக்கும்போது ஒரு டான்ஸ் பேட் வாங்கினாள். யாரோ வைத்திருந்த பழசு. தகரச் சட்டம், அதில் ஒன்பது கட்டம், நாலு கட்டத்தில் மட்டும் அம்புக்குறி. டிவியில் பாட்டு ஓடும். அம்புகள் கீழிருந்து மேலே ஏறும். எந்த அம்பு வருகிறதோ அதைக் காலால் மிதிக்க வேண்டும். சரியாக மிதித்தால் மார்க். இல்லாவிட்டால் 'மிஸ்' என்று சிவப்பில் வரும். இதெல்லாம் ஒரு விளையாட்டா என்று அப்போது கத்தினேன். அவள் கல்யாணமாகிப் புனேவுக்குப் போனதும் அதைப் பரணில் ஏற்றினேன். பழைய இரும்புக்காரனிடம் போட்டிருப்பேன். சோம்பேறித்தனம், போடவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. லேசானதுதான் என்றார் டாக்டர். வந்தது அவருக்கு இல்லை. வாய் கோணியது பத்து நாளில் சரியானது. கை ஒரு மாதத்தில் வந்தது. இடது கால் மட்டும் வரவில்லை. பாதம் தரையில் இழுத்துக்கொண்டே வந்தது.

அவள் தி.நகரில் ஒரு துணிக்கடையில், பட்டுப்புடவைப் பிரிவில், பத்தொன்பது வருஷமாக நிற்கிறவள். ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். கூட்டம் இருக்கும்போது அதில் யார் உட்காருவது? காலையிலிருந்து நிற்க வேண்டும், மேல் மாடியிலிருந்து கட்டுக் கட்டாகப் புடவை தூக்கிக்கொண்டு படி இறங்க வேண்டும். அவளுக்கு அந்த வேலை பிடிக்கும். ஒரு பெண் படியேறி வரும்போதே எந்தக் கலரில் கை வைப்பாள் என்று சொல்லிவிடுவாள். கால் சரியானால் வரலாம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த பெண், காலைத் தூக்கி வை, அழுத்தி ஊன்று, தினமும் நூறு தடவை என்று சொல்லி அனுப்பினாள். இவள் பன்னிரண்டு வரை எண்ணுவாள், கட்டிலில் போய் உட்கார்ந்துவிடுவாள். நான் கத்துவேன்.

"ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிக்கினு நிக்க நான் இன்னா எல்கேஜியா?" என்பாள்.

மகள்தான் போனில் சொன்னாள். "அப்பா, பரண்ல என் பேட் கீதுல்ல, அத்த எறக்கிக் குடுப்பா. அம்மா ஆடட்டும்."

"கால் வராதவளுக்கு டான்ஸா? மூளை கீதா உனக்கு?"

"மெதுவா ஓடற பாட்டெல்லாம் கீதுப்பா. நீ கத்தாம எறக்கு."

இறக்கினேன். மந்தைவெளியில் கடல் காற்று எதையும் விட்டுவைக்காது. திருகாணிகள் பாதி துருப்பிடித்து இறுகியிருந்தன. நான் லிஃப்ட் மெக்கானிக். முப்பது வருஷமாகத் திறக்காத பெட்டிகளைத் திறக்கிறதுதான் என் பிழைப்பு. எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்துக் காலையில் கழற்றினேன். உள்ளே பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒவ்வொரு அம்புக்கு அடியிலும் இரண்டு மெல்லிய தகடுகள், நடுவில் ஓரத்தில் மட்டும் ஒரு ஃபோம் பட்டை. மிதித்தால் மேல் தகடு கீழ்த் தகட்டைத் தொடும், கரண்ட் ஓடும். காலை எடுத்தால் ஃபோம் தூக்கிவிடும். அவ்வளவுதான்.

ஃபோம் மக்கி மாவாகக் கொட்டியது. தகடுகள் கறுத்திருந்தன. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். கார் கதவுக்கு ஒட்டுகிற ஃபோம் பட்டையை வாங்கி வெட்டி ஒட்டினேன். விட்டுப்போன இரண்டு ஒயரைப் பற்றவைத்தேன். ஆனாலும் மிதித்தால் ஒரு தடவை பிடிக்கும், ஒரு தடவை பிடிக்காது. சட்டம் மலிவான சட்டம், நடுவில் தொய்ந்திருந்தது. கீழ்த் தகட்டைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும். மகளின் கல்யாணப் பத்திரிகை ஒரு கட்டு மிச்சமிருந்தது, நல்ல கெட்டி அட்டை. பிள்ளையார் இல்லாத பக்கமாகப் பார்த்து, காலடியில் போகக் கூடாதே என்று, சதுரம் சதுரமாக வெட்டினேன். ஒவ்வொரு அம்புக்கும் இரண்டு அட்டை. நாலும் பிடித்தன.

முன்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நகராமல் இருக்க அரிசி மூட்டையை ஏற்றினேன். அதைப் பிடித்துக்கொண்டு ஆடினாள். தினமும் நாலு மணிக்கு, நான் காலை ஷிஃப்ட் முடித்து வந்ததும். கீழ்வீட்டு மாமி முதல் நாளே படியேறி வந்தார். அவர் வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறவர். சத்தம் என்றார். நான் ஏதோ கடுமையாகச் சொன்னேன். பிறகு அடியில் ரப்பர் பாய் போட்டேன்.

ஒரு மாதம் போனது. வலது, மேலே, கீழே எல்லாம் வந்தது. இடது அம்பு வரும்போதெல்லாம் மிஸ். பத்துக்கு எட்டு மிஸ். ஒருநாள் பாட்டு பாதியில் இருக்கும்போதே நாற்காலியைப் பிடித்தபடி அழுதாள். அவள் அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. அந்தத் தகரத்தின்மேல் என்று வைத்துக்கொண்டேன்.

மறுநாள் அவள் குளிக்கப் போன நேரத்தில் இடது அம்பைக் கழற்றி, இரண்டு அட்டையை நாலாக்கினேன். தகடுகளுக்கு நடுவே மயிரிழைதான் இடைவெளி. பாதம் உரசினாலே போதும்.

லிஃப்டில் கதவு மூடியதைக் காட்டுகிற காண்டாக்ட் தகராறு செய்தால் சில பேர் அதைச் சரிசெய்ய மாட்டார்கள். ஒரு துண்டு ஒயரை வைத்து நேராக இணைத்துவிட்டுப் போய்விடுவார்கள். கதவு திறந்தே இருக்கும், லிஃப்ட் மூடியிருப்பதாக நம்பி ஓடும். அப்படிச் செய்த ஒருவனை நான் அசோக் நகரில் ஒரு கட்டடத்தில் எல்லோர் முன்னாலும் அறைந்திருக்கிறேன். இது எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. திருகாணியை முடுக்கினேன்.

அன்றைக்கு நாலு மணிக்கு இடது அம்பு பத்துக்கு ஏழு வந்தது. திரும்பி என்னைப் பார்த்தாள். அந்த முகத்துக்காக இன்னும் நாலு அட்டை வைத்திருப்பேன்.

மூன்று வாரம் இப்படியே. மார்க் ஏறிக்கொண்டே போனது. ஆனி கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை நான் வேலையிலிருந்து வந்தபோது, சூப்பர்வைசரிடம் பேசிவிட்டதாகச் சொன்னாள்.

"ஆடித் தள்ளுபடிக்கு ஆள் பத்தலயாம். திங்கக்கெழமை வரேன்னுட்டேன்."

"இன்னும் பத்து நாள் போவட்டுமே" என்றேன்.

"எதுக்கு? நேத்து எண்பத்தாறு மார்க். நீ பார்த்துக்கினுதான இருந்த."

நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். அட்டை விஷயத்தைச் சொல்லவில்லை. சனிக்கிழமையும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலரைக்குக் கீழ்வீட்டு மாமி வந்தார். இவள் ஆடி முடித்து வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மறுபடி சத்தம் என்று சொல்லப்போகிறார் என நான் தயாராக நின்றேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை.

"தப்பா நெனைச்சுக்காதேம்மா. நீ ஆடறது எங்காத்துல நன்னாக் கேக்கும். ஆரம்பத்துல நாலு காலடியும் கேட்டுண்டிருந்தது. ஒண்ணு மட்டும் மத்ததைவிட சன்னமா. ஆனா கேக்கும். இப்போ மூணு வாரமா மூணுதான் கேக்கறது. நாலாவது இடத்துல ஒண்ணுமே இல்லை. காலை ஊன்றதே இல்லையோன்னு தோணித்து. வலிக்கறதா உனக்கு?"

"வலியெல்லாம் இல்ல மாமி. இதோ பாருங்க, எண்பத்தொம்பது" என்று டிவியைக் காட்டினாள்.

"எனக்கு டிவி கணக்கு தெரியாதும்மா. காதுல விழுந்ததைச் சொன்னேன்" என்று அவர் இறங்கிப் போனார்.

கதவைச் சாத்திவிட்டு இவள் சிரித்தாள். "மாமிக்குக் காது போய்ட்ச்சி. மெஷினு பொய் சொல்லுமா? அதுவும் நீ பார்த்த மெஷினு."

அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"மெஷினு சொல்லல. நான்தாம்மே சொன்னேன்."

"இன்னா சொன்ன?"

"இடது பக்கம் ரெண்டு அட்டை சேத்து வெச்சேன். காலை அமுத்தவே வேணாம். தொட்டாப் போதும்."

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "எப்போ?"

"நீ அழுத மறுநாள்."

"நான் சூப்பர்வைசராண்ட வரேன்னு சொன்னன்னிக்கு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சிக்கினே சட்டைய ஆணில மாட்டிக்கினு நின்ன." குரல் உயரவில்லை. எங்கள் வீட்டில் கத்துகிறவன் நான்தான். "நாளைக்கு மேல்மாடிலேர்ந்து இருவது பொடவைய தூக்கினு எறங்கும்போது இந்தக் கால் மடங்கியிருந்தா? அங்கயும் வந்து படிக்கு அடியில அட்டை வைப்பியாயா?"

அவள் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். ஸ்க்ரூ டிரைவரைக் கொண்டுவரச் சொன்னாள். அவள் கண்முன்னால் இடது அம்பைக் கழற்றினேன். அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணினாள். மற்ற மூன்றையும் திறந்து காட்டச் சொன்னாள். காட்டினேன். எல்லாவற்றிலும் இரண்டு. இடதிலும் இரண்டை வைத்து மூடச் சொன்னாள். எழுந்து அதே பாட்டைப் போட்டு ஆடினாள். இடது அம்பு பத்துக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. முதலில் வந்துகொண்டிருந்த இரண்டும் போயிருந்தது. மூன்று வாரமாகத் தொட்டே பழகிய கால் ஊன்ற மறந்திருந்தது. நான் கொடுத்த வரம் அது.

சூப்பர்வைசருக்கு அவளே போன் செய்தாள். "சார், ஆடிக்கு வர முடியாது சார். கால் இன்னும் ரெடியாவல. நான்தான் தப்பா சொல்ட்டேன்." நான்தான் என்றாள். என்னைச் சொல்லவில்லை. அதற்குப் பதில் அவள் என்னை அறைந்திருக்கலாம்.

மூன்று நாள் பேட் சுவரில் சாய்ந்து கிடந்தது. சோறு போட்டாள், பேசவில்லை. நாலாவது நாள் புதன்கிழமை, எனக்கு வார விடுமுறை. நாலு மணிக்குக் கூடத்திலிருந்து கூப்பிட்டாள்.

"யோவ். ரெண்டும் வேணாம், நாலும் வேணாம். மூணு வை."

"மூணா?"

"ரெண்டுல ஒண்ணுமே வர்ல, வெறுத்துப்போவுது. நாலு ஏமாத்து. மூணு வை. எப்ப எடுக்கணும்னு நான் சொல்றேன்."

மூன்று வைத்தேன். பத்துக்கு மூன்று வந்தது. "கால இழுக்கறே, ஊனு" என்று நான் சொல்ல வாயெடுத்தேன். "நீ வாய மூடு" என்றாள். பேச்சுவார்த்தை அப்படித்தான் திரும்பியது.

அந்த மூன்றாவது அட்டை ஐப்பசி வரை இருந்தது. தீபாவளி முடிந்த வாரம் எடுக்கச் சொன்னாள். மார்க் விழுந்தது, அவள் அழவில்லை. மறுபடி ஏறப் பொங்கல் வந்துவிட்டது. கடைக்குப் போனது மாசியில். கிட்டத்தட்ட ஒரு வருஷம். மாடிப்படி இல்லாத பிரிவு கேட்டு வாங்கிக்கொண்டாள், காட்டன் புடவை. பட்டு இன்னும் கிடைக்கவில்லை. அதைப் பற்றிக் கடையைத் திட்டுவாள், என்னைத் திட்டுவதில்லை. இடது கால் சாயங்காலமானால் இப்போதும் கொஞ்சம் இழுக்கும்.

லீவு நாளில் இன்னும் ஆடுகிறாள். மழைக்காலத்தில் தகடு கறுத்து, இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் உப்புத்தாள் கேட்கும். மூன்று அம்பை நான் கழற்றித் தேய்ப்பேன். இடது அம்பைத் தொட விடமாட்டாள். மெதுவாகத் தரையில் உட்கார்ந்து, அவளே திறந்து, அவளே அட்டையை எண்ணிப் பார்த்து, அவளே மூடுவாள். அரை மணி நேரம் ஆகும். எனக்குப் பொறுமை கிடையாது, எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். கழற்றிய திருகாணிகள் என் உள்ளங்கையில் இருக்கும். அவள் கை நீட்டும்போது ஒவ்வொன்றாகக் கொடுப்பேன்.