மூன்று முறை வழுக்கிய வண்டி

முத்துக்கருப்பன் வேன் ஓட்ட ஆரம்பித்து இருபத்திரண்டு வருடமாகிறது. கொடைக்கானல், மூணாறு, ஏற்காடு, குடகு என்று எத்தனை முறை மலை ஏறியிருப்பார் என்பது அவருக்கே தெரியாது. ஆனால் மலையில் என்ன பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால் எங்கே வண்டி நிறுத்த நிழல் கிடைக்கும், எந்த வளைவில் பேருந்துக்கு ஒதுங்க வேண்டும் என்பதைத்தான் சொல்வார். வந்தவர்கள் இறங்கிப்போய்ப் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பும்வரை சீட்டைச் சாய்த்துத் தூங்குவார். அதில் அவருக்குக் குறை ஒன்றும் இருந்ததில்லை.

குறை அவர் மனைவி பாண்டிச்செல்விக்கு இருந்தது. "ஊரு உலகத்தையெல்லாம் ஏத்திட்டுப் போறீக. என்னைய வத்தலக்குண்டு தாண்டிக் கூட்டிட்டுப் போனதில்ல" என்று எல்லா விடுமுறைக் காலத்திலும் ஒருமுறையாவது சொல்லிவிடுவாள். போன டிசம்பரில், அரையாண்டு லீவில், செல்லூரில் தறிப்பட்டறை வைத்திருக்கும் சிக்கந்தர் தாண்டிக்குடிப் பக்கம் போக வண்டி கேட்டார். பத்து வருடப் பழக்கம். முன்சீட்டு காலியாக இருக்கிறது என்று தெரிந்ததும், "அண்ணியையும் ஏத்திக்கிட்டு வாங்க கருப்பண்ணே, இதுக்கெல்லாம் கேட்டுக்கிட்டு" என்றார். பாண்டிச்செல்வி முதல்நாளே புளியோதரை கிளறிவிட்டாள்.

பழங்காநத்தத்தில் குடியிருந்தாலும் இருவருக்கும் பூர்வீகம் கொட்டாம்பட்டிப் பக்கம். அங்கே தை, மாசியில் கொள்ளு பிடுங்கியதும் செடியோடு தார்ச்சாலையில் பரப்பிவிடுவார்கள். வண்டிகள் ஏறிப் போகப்போக நெற்று உடைந்து கொள்ளு உதிர்ந்துவிடும். பரப்பிய இடம் தெரிவதற்கு ஓரத்தில் வரிசையாகக் கல் வைத்திருப்பார்கள். அதன்மேல் ஏற்றாமல் ஒதுக்கிப் போகிற ஓட்டுநருக்கு அங்கே நல்ல பேர் கிடையாது. "பெரிய சீமான் வீட்டு வண்டி, டயர்ல தூசி ஒட்டிக்கிருமாக்கும்" என்று அவன் காதுபடவே சொல்வார்கள். முத்துக்கருப்பன் ஒருநாளும் ஒதுக்கியதில்லை. அவசரமில்லை என்றால் பின்னால் எடுத்து இன்னொரு முறையும் ஏற்றிவிட்டுப் போவார். களத்து ஆட்கள் கை காட்டிச் சிரிப்பார்கள். தன் தொழிலில் தான் செய்த நல்ல காரியம் என்று அவர் மனதுக்குள் வைத்திருந்தவற்றில் அது ஒன்று.

தாண்டிக்குடிக்கு மேலே ஓரிடத்தில் சிக்கந்தர் குடும்பம் இறங்கிக்கொண்டது. அங்கிருந்து ஒற்றையடிப் பாதையில் அரைமணி நேரம் நடந்தால் பள்ளத்தாக்கு தெரியும். வண்டியைத் திருப்ப இடம் தேடி முத்துக்கருப்பன் மேலே ஓட்டினார். பாண்டிச்செல்வி தலையை வெளியே நீட்டியபடி வந்தாள். மரங்களில் மிளகுக்கொடி சுற்றியிருந்தது. அவற்றின் நிழலில் காப்பிச் செடிகள் சிவப்பாகக் காய்த்திருந்தன. "இம்புட்டையும் வச்சுக்கிட்டு இங்க வந்து தூங்கவா செஞ்சீக?" என்றாள். அவருக்கு இந்த மலையெல்லாம் தன்னுடையது போலவும், அவளுக்குச் சுற்றிக்காட்ட இப்போதுதான் நேரம் வந்தது போலவும் இருந்தது. அந்தக் குஷியில்தான் அவர் அதைப் பார்த்தார்.

சிமெண்ட் சாலை ஒரு வீட்டின் முன் முடிந்தது. வீட்டை ஒட்டிச் சாலையின் பாதி அகலத்துக்கு ஏதோ பரப்பியிருந்தார்கள். வெளிர் மஞ்சள் நிறம், மொச்சைப் பருப்பைவிடச் சிறியது. ஓரத்தில் வரிசையாகக் கல்.

"என்னங்க இது, மொச்சையா?"

"காப்பிக்கொட்டை புள்ள. மேல பாரு, தோலு இருக்கு. அது போகணும்ல."

"ஆளையே காணோமே, பாவம். இந்த ஊருக்குள்ள எத்தனை வண்டி வந்துறப்போகுது?"

வேறு பேச்சு தேவைப்படவில்லை. முத்துக்கருப்பன் முதல் கியரில், கல்லுக்குள் சக்கரம் சரியாக இறங்கும்படி, நிதானமாக ஏற்றினார். கொட்டைகள் மொறுமொறுவென்று நொறுங்கின. கடைசிவரை போய்ப் பின்னால் எடுத்தார். விட்டுப்போன இடத்தைப் பார்த்து, கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி மீண்டும் முன்னால் ஏற்றினார்.

"அய்யோ! அய்யோ!"

வீட்டின் பின்பக்கமிருந்து ஒரு பெண் ஓடிவந்தாள். நாற்பது வயதிருக்கும். சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, தலையில் துண்டு கட்டியிருந்தாள். ஓடிவந்தவள் காப்பியைப் பார்த்து, அப்படியே நின்றுவிட்டாள். அந்த முகத்தைப் பார்த்ததும் முத்துக்கருப்பனுக்குப் புரிந்துவிட்டது. இங்கே அந்தக் கல்லுக்கு 'ஏறாதே' என்று அர்த்தம். கொட்டை காய்வதற்காகக் கிடந்திருக்கிறது, உடைவதற்காக இல்லை.

உதவி என்று நினைத்துச் செய்தேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் அதைவிட மடத்தனமான வாக்கியம் உலகத்தில் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. இருபத்திரண்டு வருடம் மலை ஏறியவன் இதைச் சொல்வதா? அதுவும் இன்றைக்கு, செல்வி பக்கத்தில் இருக்கும்போதா? வாய் தானாகத் திறந்தது.

"பிரேக் பிடிக்கலம்மா. வண்டி வழுக்கிருச்சு."

பாண்டிச்செல்வி திரும்பி அவரைப் பார்த்தாள்.

அந்தப் பெண்ணின் முகம் சட்டென்று மாறியது. "ஆளுக்கு ஒண்ணும் ஆகலையேண்ணே? அக்கா, பயந்துட்டீகளா? எறங்குங்க, மொதல்ல எறங்குங்க." காப்பி ஓரத்தில் இருந்த கற்களில் இரண்டைத் தூக்கிவந்து அவளே சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்தாள். "போன வருசம் இப்படித்தான் ஒரு வேனு கீழ வளைவுல போயிருச்சு. கும்புட்ட சாமிதான் உங்களைய இங்க நிப்பாட்டிருக்கு."

வீட்டுக்குள் உட்காரவைத்துக் கருப்பட்டி போட்டுக் கடுங்காப்பி கொடுத்தாள். போன வருடம் அவள் கையால் பறித்து, கழுவி, காயவைத்து, வறுத்த காப்பி. வெளியே கிடப்பது இந்த வருடத்தது. நாலு நாள் வெயில் வாங்கியிருக்கிறது, இன்னும் இரண்டு நாள் காய்ந்தால் மூட்டை பிடித்திருப்பேன் என்றாள். குறையாகச் சொல்லவில்லை, விருந்தாளியிடம் மழை நிலவரம் சொல்வதுபோலச் சொன்னாள். முத்துக்கருப்பன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"பிரேக் இல்லாத வண்டியில உங்களைய எறங்க விடமாட்டேன். எங் கொழுந்தன் ஜீப்பு வேலை பாக்குறவரு. வரச்சொல்லிட்டேன்."

"வேணாம்மா, நானே பாத்துக்கிறேன்."

"சும்மா இருங்கண்ணே. பிள்ளகுட்டியெல்லாம் ஏத்திட்டு வந்திருக்கீகன்னு அக்கா சொன்னாக."

கொழுந்தன் மருது சரிவில் ஏறி மூச்சிரைக்க வந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து, ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார். வண்டி நின்ற இடத்தில் மரநிழல் விழுந்து, காலைப் பனியில் நனைந்த சிமெண்டு இன்னும் ஈரமாக இருந்தது. ஒவ்வொரு சக்கரமாகப் பார்த்தார். "அமுக்குங்கண்ணே. விடுங்க. திரும்ப அமுக்குங்க." முத்துக்கருப்பன் அமுக்கினார், விட்டார். ஒரு பொய்யைச் சொல்ல ஒரு நொடி போதும். அதற்குத் துணையாக முக்கால் மணி நேரம் பிரேக்கை மிதித்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று அவர் அன்றுதான் தெரிந்துகொண்டார்.

மருது வெளியே வந்து நிமிர முடியாமல் சற்று நேரம் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். காப்பியின் மேல் அவர் பார்வை போனது. டயர்த் தடம் ஒன்றல்ல. ஒன்றை ஒட்டி ஒன்றாக, உழவு சால் போல நேராக விழுந்திருந்தது.

"அண்ணே, எந்த ஊரு?" என்றார்.

"கொட்டாம்பட்டிப் பக்கம்."

மருது குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வழுக்குன வண்டி, முன்னால போயி, பின்னால வந்து, திரும்பவும் முன்னால வழுக்குமாண்ணே? அதுவும் கல்லுல படாம?"

முத்துக்கருப்பன் தரையைப் பார்த்தார். மருது வீட்டைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "பிரேக்கு சரியாயிருச்சு மதினி. இனிமே வழுக்காது."

தப்பித்தாயிற்று. அகப்பட்டுத் திட்டு வாங்கியவனுக்குத் திட்டு முடிகிற இடம் ஒன்று உண்டு. தெரிந்தே விட்டுவிடப்பட்டவனுக்கு அதுகூட இல்லை. முத்துக்கருப்பன் வண்டியில் ஏறி என்ஜினைப் போட்டார். பாண்டிச்செல்வி அந்தப் பெண்ணோடு தரையில் உட்கார்ந்து, உடைந்த கொட்டையைத் தனியாகவும் முழுக்கொட்டையைத் தனியாகவும் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"செல்வி, ஏறு. அவுக திரும்புற நேரமாச்சு."

அவள் எழுந்திருக்கவில்லை. கொட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க சொல்லிட்டு ஏறுறீகளா, நான் சொல்லிட்டு ஏறட்டுமா?"

அவர் என்ஜினை நிறுத்தினார். இறங்கி வந்து சொன்னார். கொள்ளுச்செடியைச் சொன்னார், சாலையைச் சொன்னார், கல்லைச் சொன்னார். இதற்காக அவரைப் பெரிதாகப் பாராட்ட வழியில்லை. ஒருவர் கண்டுபிடித்துவிட்டார், இன்னொருவர் சொல்லத் தயாராக இருந்தார். அதன் பிறகு வந்த உண்மை அது.

அந்தப் பெண்ணுக்கு முதலில் நம்பிக்கையே வரவில்லை. "கொள்ளு மேலயா? டயர ஏத்தியா? நடு ரோட்டுலயா?" என்றாள். "அதக் கழுவித்தான் திம்பீகளா?" என்று சிரித்துவிட்டாள்.

கொட்டாம்பட்டிப் பக்கத்து ஊர்க்காரர்கள் காலங்காலமாகச் செய்கிற காரியம் அந்த ஒரு கேள்வியில் கூசி நின்றது.

பிறகு அவள் சிரிப்பு நின்றது. "அப்ப பிரேக்கு?"

"அது நல்லாத்தாம்மா இருக்கு" என்றார் முத்துக்கருப்பன்.

"ஒத்தாசைன்னு ஏத்துனேன்னு அப்பவே சொல்லியிருந்தா நாலு வார்த்தை வைதுருப்பேன். காப்பி போனா போகுது, அடுத்த வருசம் காய்க்கும். இந்த மனுசன் முதுகுல ஆப்பரேசன் பண்ணி மூணு மாசந்தான் ஆகுது. அவரையா ஈரத்துல படுக்க வச்சீக?" குரல் உயரவில்லை. "நான் வேற, நீங்க கீழ எறங்குறப்ப என்னாகுமோன்னு பதறிக்கிட்டு இருந்தேன்."

"தப்புத்தாம்மா" என்றார் முத்துக்கருப்பன். மருதுவைப் பார்த்து அதையே சொல்ல நினைத்தார், பார்க்க முடியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தார். கைக்கு அந்த வேலை பழக்கமில்லை. "அதுல கீறல் இருக்கு, அந்தப் பக்கம் போடுங்க" என்று அந்தப் பெண் திருத்தினாள். அண்ணே என்று சொல்லவில்லை.

வண்டியைத் தேடிக்கொண்டு சிக்கந்தர் குடும்பம் நடந்தே மேலே வந்து சேர்ந்தது. சிக்கந்தர், அவர் மனைவி நஜ்முன்னிசா, மகள்கள், மருமகன், பேரப்பிள்ளைகள் என்று பதினோரு பேர். தரையில் உட்கார்ந்திருந்த ஓட்டுநரையும் நொறுங்கிக் கிடந்த காப்பியையும் மாறிமாறிப் பார்த்தார்கள்.

"யா அல்லா, என்ன ஆச்சுண்ணே?" என்றாள் நஜ்முன்னிசா.

மருது முந்திக்கொண்டார். "ஒண்ணுமில்லம்மா. வண்டி லேசா வழுக்கிருச்சு, இப்பச் சரியா..."

"வழுக்கல" என்றார் முத்துக்கருப்பன். இந்த முறை அவரை யாரும் தள்ளவில்லை. ஆனாலும் உட்கார்ந்தபடியேதான் சொன்னார். "நான்தான் ஏத்துனேன் பாய். வேணும்னேதான் ஏத்துனேன். நம்மூர்ல கொள்ளுக்கு ஏத்துற மாதிரி. அப்புறம் பிரேக் பிடிக்கலன்னு பொய் சொன்னேன்."

சிக்கந்தர் சிரிக்கத்தான் வாயெடுத்தார். நஜ்முன்னிசா அவர் கையை அமுக்கினாள். பிறகு அவளும் புர்காவை ஒதுக்கிக்கொண்டு பாண்டிச்செல்விக்கு எதிரே உட்கார்ந்தாள். அன்று மாலை பார்ப்பதாக இருந்த கோயிலையும் ஆரஞ்சுத் தோட்டத்தையும் யாரும் பார்க்கவில்லை. வெயில் சாயும்வரை பொறுக்கியும் முழுக்கொட்டை பாதிக்கும் குறைவாகத்தான் தேறியது.

கிளம்பும்போது அந்தப் பெண் பாண்டிச்செல்வியின் கையில் ஒரு பொட்டலம் காப்பித்தூள் கொடுத்தாள். பாண்டிச்செல்வி வாங்கவே கூசினாள். வாங்காமல் வரவும் முடியவில்லை. அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்கவில்லை என்பது அடிவாரத்தில் சித்தரேவு நெருங்கும்போதுதான் முத்துக்கருப்பனுக்கு நினைவு வந்தது.

இறக்கம் முழுக்க வண்டிக்குள் பொட்டலத்தின் வாசனை இருந்தது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவர் பிரேக்கை மிதித்தார். ஒவ்வொரு முறையும் அது அருமையாகப் பிடித்தது. பிடிக்கப் பிடிக்க அவர் காது சுட்டது.