பாதியில் எழுந்து வந்த படம்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நான் தனியாகக் குடியிருந்த வீட்டுக்குக் கீழே ஒரு வீடியோ கடை இருந்தது. பெட்டாலிங் ஜெயாவில் வேலை முடிந்து மினி பஸ்ஸில் இறங்கினால் அந்தக் கடையைத் தாண்டித்தான் மாடிக்கு ஏற வேண்டும். சனிக்கிழமைகளில் ஒரு படம் எடுத்துப்போவேன். யாராவது பேசிக்கொண்டிருந்தால் வீடு வீடு மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை கீழ்த்தட்டில் அந்தப் படம் கண்ணில் பட்டது. அட்டையில் கோட்டுப் போட்ட ஒருவன் ஜன்னலோரம் நிற்கிறான். பின்னால் கப்பல். பார்த்த உடனே தெரிந்துவிட்டது. பத்து வயதில் கிள்ளானில் அப்பாவோடு பார்த்து, பிடிக்காமல் பாதியில் எழுந்து வந்த படம்.

கடைக்காரர் கேசட்டைத் திருப்பிப் பார்த்தார். “இதையா? யாரும் எடுக்க மாட்டாங்க லா. உளவாளி படம்னு பேரு, ஒரு ஃபைட்டு கூட இல்ல.”

“தெரியும் அங்கிள். குடுங்க.”

அந்தப் படம் பார்த்த வருஷம் அம்மா வீட்டில் இல்லை. ஈப்போவில் மாமா வீட்டுக்குப் போயிருந்தார். பள்ளி விடுமுறைக்கு என்று பெட்டியோடு கிளம்பியவர், விடுமுறை முடிந்தும் வரவில்லை. அப்பாவும் அம்மாவும் சத்தம் போட்டுச் சண்டையிட்டதாக எனக்கு நினைவில்லை. இரண்டு பேரும் பேசிக்கொள்வதே குறைவு. அப்பா கிள்ளான் ரயில்வேயில் சரக்குக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி. குவாட்டர்ஸில் நானும் அவரும் மட்டும். காலையில் அவரே என் தலையைப் பின்னிவிடுவார். ஒரு பக்கம் இறுக்கமாகவும் ஒரு பக்கம் தளர்வாகவும் இருக்கும். “அம்மா எப்பப்பா வருவாங்க?” என்று கேட்டால், “வந்துருவாங்க” என்பார். போய்க் கூட்டிக்கொண்டு வரலாமே என்று எனக்குத் தோன்றும். அவருக்கு ரயில் பாஸ் இருந்தது. ஆனால் அதை நான் சொன்னதில்லை.

உளவாளி படம் என்றதும் துப்பாக்கியும் வேகமாக ஓடும் காரும் வரும் என்று நம்பித்தான் போனேன். தியேட்டர் வாசலில் அப்பா கச்சாங் பூத்தே வாங்கித் தந்தார். காகிதக் கூம்பில் இருந்த கடலை தீர்ந்துவிட்டது, படத்தில் எதுவும் நடக்கவில்லை. குளிரான ஒரு துறைமுக ஊர். அங்கே உளவாளி ஒரு கிழவியின் வீட்டில் அறை எடுத்துத் தங்குகிறான். கப்பலில் ஒருவன் வருவான், அவனை அழைத்துப்போக வேண்டும். கப்பல் வருகிறது, அவன் இல்லை. உளவாளி அறைக்குத் திரும்பி ரொட்டி சாப்பிடுகிறான். மறுபடியும் கப்பல். மறுபடியும் ரொட்டி.

“எப்பப்பா சுடுவாங்க?”

“இரும்மா. வருவான்.”

“வரவே மாட்டான். வீட்டுக்குப் போலாம்ப்பா.”

நான் அழத் தொடங்கியதும் முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தார்.

மறுநாள் ஞாயிறு. அப்பா விடிந்ததும் குளித்து, கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். என்னைப் பக்கத்து வீட்டு ஆன்டியிடம் விட்டுவிட்டு, “வேலை இருக்கு” என்று கிளம்பினார். வேலைக்கு அந்தச் சட்டையைப் போடமாட்டார் என்பது எனக்குத் தெரியும். ஈப்போவுக்குத்தான் போகிறார், அம்மாவைக் கூட்டி வரப் போகிறார் என்று முடிவு செய்துவிட்டேன். ஆன்டி வீட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். விளக்கு வைத்த பிறகு அப்பா தனியாக வந்தார். கையில் எனக்கு ஒரு பொட்டலம் கச்சாங் பூத்தே. ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டேன். அப்பா கூப்பிட்டிருக்கிறார், அம்மா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அப்படித்தான் நான் புரிந்துகொண்டேன்.

அம்மா திரும்பி வரவே இல்லை. விடுமுறைகளில் மாமா வந்து என்னை ஈப்போவுக்கு அழைத்துப்போவார். அம்மா எனக்குப் பிடித்ததெல்லாம் சமைப்பார், அழுத்தமாகத் தலை பின்னிவிடுவார். அவரிடம் எனக்குக் கோபம் இருந்தது. கூப்பிட்டும் வராதவர் என்ற கோபம். அதனாலேயே அவரிடம் எதையும் கேட்கவில்லை. அம்மா இறந்த செய்தி வந்தபோதுதான் அப்பாவும் நானும் முதன்முதலாகச் சேர்ந்து ஈப்போ ரயிலில் உட்கார்ந்தோம். வழி முழுக்க அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

கேசட் எடுத்த மறுநாள், ஞாயிறு காலையில், கதவைச் சாத்திக்கொண்டு படத்தைப் போட்டேன். இந்த முறை அலுப்பாக இல்லை. அந்தக் கிழவி, உளவாளிக்காக ஒரு தட்டைக் கூடுதலாக எடுத்து வைப்பதும், படிக்கட்டில் காலடி கேட்டால் அவன் தலை தூக்குவதும் எனக்கு நன்றாகவே புரிந்தது. என் வீட்டுப் படிக்கட்டிலும் நிறைய காலடிகள் கேட்கும். எல்லாம் மேல்மாடிக்குப் போய்விடும். பிறகு, கடைசியில், நான் எதிர்பார்க்காதது நடந்தது. கப்பலில் அந்த ஆள் வந்துவிட்டான். மெலிந்து, தாடியோடு, சிரித்துக்கொண்டு இறங்கினான். இரண்டு பேரும் கிழவியின் மேசையில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். படம் முடிந்தது. இத்தனை வருஷமாக அவன் வரவில்லை என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்ல ஒருவர்தான் இருந்தார். பஸ் பிடித்துக் கிள்ளானுக்குப் போனேன்.

ஓய்வு பெற்றபின் அப்பா ஒரு சின்ன வரிசை வீட்டில் தனியாக இருந்தார். முன்கூட்டிச் சொல்லாமல் நான் வந்து நின்றதும் பதறிப்போனார்.

“என்னம்மா, உடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான்ப்பா இருக்கேன். ஒரு படம் பார்த்தேன். நாம பாதியில எழுந்து வந்தோமே, அந்த உளவாளி படம். கடைசியில அவன் வந்துடுறான்ப்பா.”

அப்பா சிரித்தார். “தெரியுமே. கப்பல்லேருந்து தாடியோட வருவான்.”

“நாமதான் முடிவைப் பார்க்கலையே?”

“மறுநாள் நான் போய்ப் பார்த்தேன். ரெண்டு ஷோ உட்கார்ந்து பார்த்தேன்.”

எனக்கு உடனே விளங்கவில்லை. மறுநாள் என்றால் அந்த ஞாயிறு.

“அன்னிக்கு நீங்க ஈப்போ போகலையா?”

அவர் நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். “போகத்தான் கிளம்பினேன். கோலாலம்பூர் ஸ்டேஷன் வரைக்கும் போனேன். ரயில் வந்து நின்னுச்சு. ஏறலை.”

“ஏன்ப்பா?”

“என்னன்னு சொல்லிக் கூப்பிடுறதுன்னு தெரியலைம்மா. வரமாட்டேன்னுட்டா திரும்பி வர்றது எப்படின்னு இருந்துச்சு. திரும்பி கிள்ளானுக்கே வந்தேன். நேரா வீட்டுக்கு வர மனசில்லை. தியேட்டருக்குள்ள போயிட்டேன்.” நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “அவன் வந்துட்டான் பாரு. அதைப் பார்த்ததும் எனக்குத் தைரியமா இருந்துச்சு. உங்கம்மாவும் வந்துருவான்னு நெனச்சேன்.”

“கூப்பிட்டிருந்தா வந்திருப்பாங்களா?”

“தெரியலையேம்மா. நான் கேக்கவே இல்லையே.”

அம்மாவின் மீது நான் வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அப்பா மீது வைக்கவும் முடியவில்லை. அவர் மிகவும் சிறுத்துப்போய் உட்கார்ந்திருந்தார். எழுந்து சமையலறைக்குப் போனேன். சோறு இருந்தது. முட்டை பொரித்தேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம். அவர் தன் முட்டையில் பாதியை என் தட்டில் வைத்தார்.

பஸ் நிலையம் வரைக்கும் கூடவே நடந்து வந்தார். பஸ் கிளம்பும்போது ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று, “அடுத்த ஞாயிறு வர்றியாம்மா?” என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் என்னை வா என்று கூப்பிட்டதில்லை. நானாக வந்தால் உண்டு.

“வரேன்ப்பா” என்றேன்.

அடுத்த ஞாயிறு அலுவலகத்தில் வேலை வந்துவிட்டது, போக முடியவில்லை. போன் செய்து சொன்னேன். “பரவாயில்லைம்மா” என்றார். அதற்கடுத்த ஞாயிறு போனேன். மீன் வாங்கிக் கழுவி வைத்துவிட்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.