அண்ணன் கொண்டுபோன சீசா

அண்ணனுக்குச் சர்க்கரை வியாதி என்று முதலில் கண்டுபிடித்தவை எறும்புகள்தான். 1930களின் நடுவில், திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் அவர் ஒதுங்கிவிட்டு வந்த இடத்தில் எறும்பு மொய்ப்பதை அண்ணி பார்த்துவிட்டார். அதற்கு முன்பே அண்ணன் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். ஆளும் இளைத்தார். அவருடைய ஜவுளிக்கடைக்கு வந்தவர்கள், உடம்பு கட்டுக்கு வந்துவிட்டது என்று பாராட்டியதில் அவருக்குப் பெருமை வேறு.

விழுப்புரத்து டாக்டர் சோற்றைக் குறைத்துக் கேப்பைக் களி தின்னச் சொன்னார். அண்ணியும் விடாமல் கிண்டிப் போட்டார். ஆனாலும் ஐந்தாறு வருஷத்தில் அண்ணனுடைய பாதம் எரிய ஆரம்பித்து, பிறகு மரத்தே போனது. ஒருநாள் கடையிலிருந்து ஒற்றைச் செருப்போடு வந்து நின்றார். இன்னொன்று எங்கே என்று அண்ணி கேட்ட பிறகுதான் குனிந்து காலைப் பார்த்தார்.

டாக்டர் இந்தத் தடவை கண்டிப்பாகச் சொன்னார். அடுத்த வாரம் சிறுநீர் கொண்டுவர வேண்டும். சரியில்லையென்றால் தினமும் இன்சுலின் ஊசி.

போகவேண்டிய நாள் காலையில் அண்ணன் ஒரு காலி மருந்துச் சீசாவோடு என்னிடம் வந்தார்.

"எனக்கு ஊசின்னாலே ஆவாதுடா. உன்னுது கொஞ்சம் குடு, எடுத்துக்கினு போறேன்."

எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை மூட்டைகளை எடை போடுகிற வேலை. நாள் முழுக்க வெல்லமும் மல்லாட்டையும் மென்றுகொண்டிருந்தாலும் நோய் நொடி கிடையாது. தாகம் மட்டும் கொஞ்சம் அதிகம். அது வெயிலுக்கு என்று நினைத்திருந்தேன். பாவம், அண்ணன் கேட்கிறாரே என்று கொடுத்தேன். துணைக்கு ரயிலும் ஏறினேன்.

டாக்டர் கண்ணாடிக் குழாயில் நீல மருந்தோடு நாலு சொட்டு விட்டு ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். நீலம் பச்சையானது. பச்சை மஞ்சளானது. அப்புறம் செங்கல் நிறத்தில் வந்து நின்றது.

"போன தடவையைவிட மோசமா இருக்கே. இன்னிக்கே ஊசி ஆரம்பிச்சுடலாம்," என்றார்.

ஊசியைக் கண்டதும் அண்ணன் எழுந்துவிட்டார்.

"ஐயா, அது என்னுது இல்லீங்க. இவனுது."

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணனைக் கொல்லைப்புறம் அனுப்பி, அவருடையதையும் வாங்கிச் சோதித்தார். லேசான பச்சையோடு நின்றுவிட்டது. அண்ணி கிண்டிய களி வீண்போகவில்லை. ஊசி எனக்குத்தான் விழுந்தது. திரும்பும் ரயிலில் அண்ணன் எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தார். 

அதன்பின் நாலைந்து வருஷத்தில் எனக்குப் பார்வை மங்கியது. தராசு முள் தெரியாமல் மண்டி வேலையை விட்டுவிட்டு அண்ணன் கடையில் உட்கார்ந்தேன். அவருக்கோ காலில் முள் தைத்தாலும் தெரியாது. அதனால் காலையில் கடை திறந்ததும் அவர் பாதங்களை என் மடியில் வைத்து, புண் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பேன். அவர் எனக்குப் பேப்பர் படித்துக் காட்டுவார். துணி எடுக்க வந்தவர்கள், அண்ணன் தம்பி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.