குதிரைகளும் பனிமூட்டமும்

சுவிஸின் எங்கடின் மலைப் பள்ளத்தாக்கில் நான் பரிமாறும் ஹோட்டலுக்கு ஆண்டுதோறும் வருகிற இத்தாலியர் அவர், சித்திரக்கதை எழுதுபவர். மீசையில் எப்போதும் கோப்பி நுரை. ஜன்னலோரம் அமர்ந்து, வீரனுக்கும் வில்லனுக்கும் தானே குரல் கொடுத்துப் பார்த்துத்தான் எழுதுவார்.

எங்கள் பேச்சு ஜெர்மன் மொழியில்தான். என் நினைவிலோ அது யாழ்ப்பாணத் தமிழில் இருக்கிறது.

"படம் கீறுறதும் நீங்களோ?"

"இல்லை, என்ர சிநேகிதர். அவரோட சண்டை எண்டால், 'நூறு குதிரைவீரர் வருகினம்' எண்டு எழுதிவிடுவன். எனக்கு ஒரு வரி, அவருக்கு ஒரு கிழமை வேலை."

"சண்டை தீர்ந்து ராசியானால்?"

"பக்கம் முழுக்கப் பனிமூட்டம். அவர் ஒண்டும் கீறத் தேவையில்லை."

இந்த ஆண்டு அவர் இன்னும் வரவில்லை. இன்று காலை ஜன்னலுக்கு வெளியே மலையுமில்லை, ரயில் பாதையுமில்லை; எல்லாம் வெள்ளை. இருவரும் ராசியாகத்தான் இருக்கிறார்கள் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.