ஒன்றரை அங்குலச் செருப்பு

பட்டுக்கடை வேலைக்கு வருகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது ஜரிகையைப் பற்றி அல்ல, நிற்பதைப் பற்றி.

பள்ளி ஆசிரியைகளே, நர்ஸம்மாக்களே, பரோட்டா மாஸ்டர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காலையில் படுக்கையை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஆணி அறைகிற மாதிரி ஒரு வலி வருமே, அது வருகிறவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள். பதினாறு வருடமாகப் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரே கடையில் வேலை செய்கிறேன். பழைய கட்டடத்தில் வெள்ளை மெத்தை விரித்து, உட்கார்ந்து விற்றோம். பிறகு மூன்று மாடிக் கட்டடம் வந்தது, கவுண்டர் வந்தது, நாங்கள் எழுந்து நின்றோம். அதற்கப்புறம் உட்காரவில்லை. தரைக்குக் கல் பதிக்க வேண்டாம், கான்கிரீட்டையே தேய்த்துப் பளபளப்பாக்குவதுதான் இப்போது ஃபேஷன் என்று இன்ஜினீயர் சொல்லிவிட்டார். அவர் வந்து நின்று பார்க்கவில்லை.

இதில் கடைச் சட்டம் ஒன்று உண்டு. உள்ளே செருப்பு கூடாது. வாடிக்கையாளர்களும் வாசலில் விட்டுவிட்டுத்தான் வர வேண்டும், நாங்களும் அப்படித்தான். "காமாட்சிக்குச் சாத்தற பொருளு இது. செருப்புக் காலோட நின்னுக்கினு தொடுவியா?" என்பார் முதலாளி. அவர் கல்லாவில் உட்கார்ந்து சொல்வார். கல்லாவுக்கு அடியில் அவர் கால் வைத்துக்கொள்ள ஒரு தலையணை இருக்கும்.

வலிக்குப் பார்த்த டாக்டரோ, வெறுங்காலோடு கான்கிரீட்டில் நிற்கவே கூடாது, மெத்தென்ற செருப்பு போட்டுக்கொண்டு நில்லுங்கள் என்றார். இதை முதலாளியிடம் சொன்னேன். "முடியலன்னா வீட்ல உக்காந்து முந்தானைக்குக் குஞ்சம் கட்டும்மா வசந்தா, புடவைய அனுப்பி வெக்கறேன்" என்றார். அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு வாய் இருக்கிறது. நாள் முழுக்க நாலு ஊர்க்காரர்களோடு பேசி, கலர் பொருத்தி, சண்டையைத் தீர்த்து, ஒரு கல்யாணப் புடவையைக் கட்டிக் கொடுப்பதுதான் எனக்குச் சந்தோஷம். குஞ்சத்தோடு நான் என்ன பேசுவது?

ஆக, செருப்பில்லாமல் நிற்க முடியாது, செருப்போடு நிற்கக் கூடாது, நிற்காமல் இருந்தால் வேலை இல்லை. இனி நடந்தவற்றைக் கேளுங்கள்.

மூன்று ஜோடி சாக்ஸ்

சாக்ஸ் செருப்பில் சேர்த்தி இல்லை என்ற பாயிண்டைக் கண்டுபிடித்தவள் பர்வீன். அடுத்த கவுண்டர்க்காரி. வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவள், பட்டுப்புடவை விற்கிறாள். அவள் பேச்சைக் கேட்டு என் வீட்டுக்காரரின் சாக்ஸில் மூன்று ஜோடியை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டேன். ஒரு மணி நேரம் சொர்க்கமாக இருந்தது.

அரக்கோணத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். பச்சையில் எட்டு புடவை கேட்டார். எட்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு சற்று வேகமாகத் திரும்பினேன். தரை பளபளப்பு என்றேன் அல்லவா? கால் என் பேச்சைக் கேட்கவில்லை. அலமாரியிலிருந்து கிளம்பினவள், இரண்டு கவுண்டரைத் தாண்டி, ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவின் மடியில்தான் போய் நின்றேன். புடவைக்கு ஒரு சுருக்கம்கூட இல்லை. அவர் என்னை நிமிர்த்தி விட்டுவிட்டுச் சொன்னார்: "மெதுவா வாம்மா, நான் எப்படியும் ரெண்டு புடவை எடுக்கறதாத்தான் வந்தேன்."

ஸ்டாஃப் நாற்காலி

நிற்கிற வேலைக்காரர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்ததும் எங்கள் முதலாளி மறுபேச்சு பேசாமல் கவுண்டருக்கு ஒன்றாக நாற்காலி வாங்கிப் போட்டார். அவர் சட்டத்தை மதிக்கிறவர்தான், அதைச் சொல்லிவிட வேண்டும். என் நாற்காலியில் நான் இரண்டு முறை உட்கார்ந்திருக்கிறேன். அதில் ஒரு முறை அது ஆடுகிறதா என்று பார்ப்பதற்காக.

மற்ற நேரமெல்லாம் அதில் ஏதாவது ஒரு பெண்மணியின் கணவர் இருப்பார். முதல் அரை மணி நேரம் மனைவி பக்கத்திலேயே நின்று "நல்லா இருக்குது, நல்லா இருக்குது" என்பார். பிறகு கவுண்டரைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்து, என் நாற்காலியில் உட்கார்ந்து, போனை எடுத்துவிடுவார். ஒரு நாள் வலி தாங்காமல், "சார், இது ஸ்டாஃபுக்குப் போட்ட சேர்" என்றேன். அவர் கோபப்படவில்லை. கலைத்துப் போட்டிருந்த நாற்பது புடவையையும், நாற்பத்தோராவதைக் கேட்டுக்கொண்டிருந்த மனைவியையும் பார்த்தார். என்னையும் பார்த்தார். "நீங்க எட்டு மணி நேரத்துல வீட்டுக்குப் போயிடுவீங்கம்மா" என்றார்.

பாய் கடை

இதற்கு மேல் பொறுக்க முடியாது என்று ஒரு வியாழக்கிழமை காலை, வேலைக்குப் போகும் வழியில், நானும் பர்வீனும் பஸ் ஸ்டாண்ட் பக்கமிருக்கும் பாய் செருப்புக்கடையில் ஏறினோம். பாய் என் காலைப் பார்த்துவிட்டு, செருப்பே காட்ட மாட்டேன் என்றார். "நாளெல்லாம் நிக்கற காலு சாயந்தரம் வீங்கும்மா. காலையில பாத்து வாங்கினா காலையிலதான் சரியா இருக்கும். பொழுது சாஞ்சதும் வா."

அன்று மாலையே மறுபடி போனோம். செருப்பு வாங்குவதில் இத்தனை படிப்பு இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. பாய் ஒவ்வொன்றாக எடுத்து இரண்டு கையாலும் வளைத்துக் காட்டினார். நடுவில் மடிந்தால் வேண்டாம், விரல் கிட்டேதான் மடிய வேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்க வேண்டும், ஆனால் விட்டதும் எழுந்துவிட வேண்டும். பஞ்சு மாதிரி இருப்பது பத்து நாளில் பப்படமாகிவிடும். பின்னால் குதிகாலைப் பிடித்துக்கொள்ள ஒரு வார் இருந்தால், விரலை மடக்கிச் செருப்பைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியதில்லை. கடைசியில் எம்.சி.ஆர். ரப்பர் வைத்த ஒரு ஜோடியை எடுத்துப் போட்டார். சர்க்கரை நோய்க்காரர்களுக்குக் கொடுப்பார்களே, அது. அடி நல்ல கனம். ஏறி நின்றேன். பாய் கடையும் சிமெண்ட் தரைதான், ஆனால் அது எங்கேயோ கீழே தூரத்தில் இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, நிஜமாகவே.

அதிலேயே எங்கள் யூனிஃபார்ம் புடவையின் மெரூன் கலர் வேண்டும், பளபளப்பு கூடாது, நடந்தால் சத்தம் வரக் கூடாது என்று பர்வீன் அடுக்கினாள். பாய் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்தார். "நாலு பேர் பாக்கற மாதிரி குடு பாய்னுதான் எல்லாரும் கேப்பாங்க. யாரும் பாக்கக்கூடாதுன்னு கேட்டு வந்தது நீங்க ரெண்டு பேருதான்."

நாற்பத்து நாலு வயதில் வளர்ச்சி

அந்தச் செருப்பு தெருவை மிதித்ததே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிபன் பையில் துணி சுற்றி எடுத்துப் போவேன், ஸ்டாக் ரூமில் மாட்டுவேன், புடவையை இரண்டு அங்குலம் இறக்கிக் கட்டிக்கொள்வேன். காமாட்சியம்மன் சன்னதியில் நின்று விவரமாகப் பேசி அனுமதியும் கேட்டிருந்தேன். அம்மன் மறுப்பு எதுவும் சொல்லவில்லை. முதலாளி கல்லாவை விட்டு எழுந்தால், "அக்கா, அந்த மாம்பழக் கலர் எடு" என்று பர்வீன் குரல் கொடுப்பாள். நான் உடனே கவுண்டருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்வேன்.

மூன்று வாரத்தில் வலி பாதியானது. கோபமும் பாதியானது. மேல்தட்டுப் புடவையை ஸ்டூல் போடாமல் எடுத்தேன். முதலாளி அதைக் கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு நாள் பக்கத்தில் வந்து நின்று, என்னை மேலும் கீழும் பார்த்தார். முன்பெல்லாம் அவர் மூக்குக்கு இருந்தவள் இப்போது புருவத்துக்கு வந்திருந்தேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, ரகசியம் கேட்பது மாதிரி கேட்டார்: "ஏம்மா, யோகா ஏதாவது போறியா?"

தரையைத் தொடாத பார்டர்

இப்போது சொல்லப் போவதை நினைத்துச் சிரிக்க எனக்குச் சில மாதம் ஆயிற்று.

ஆற்காட்டிலிருந்து ஒரு குடும்பம் முகூர்த்தப் புடவை ஆர்டர் கொடுத்திருந்தது. அரக்கு உடல், பச்சை பார்டர். நெய்தவர் பிள்ளையார்பாளையத்து ஏகாம்பரம் அண்ணன். அவரும் அவர் மனைவியும் சேர்ந்து ஒரு மாதம் நெய்தது. புடவையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பெண் வீட்டார் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அவர் ஓரமாக நின்றிருந்தார். பெண் வரவில்லை. பெண்ணின் அத்தை வந்திருந்தார். கணக்கு டீச்சர். "அவளும் உன் உயரம்தாம்மா. உன் மேல கட்டிக் காட்டு" என்றார்.

கண்ணாடி முன்னால் உள்ள மேடையில் ஏறுவதற்கு முன் செருப்பைக் கழற்றிவிடுவது என் வழக்கம். அன்று கூட்டம். மறந்துவிட்டேன். பர்வீன் ஒரு சாண் உள்ளே சொருகி, கொசுவம் வைத்து, முந்தானையை விரித்து விட்டாள். எல்லாரும் "ஆகா" என்றார்கள். அத்தை மட்டும் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு சாண் சொருகினா பார்டர் தரையைத் தொடணும். இது தொடலையே. அகலம் கொறையுது."

முதலாளி டேப் எடுத்து அளந்தார். அளவு சரியாகத்தான் இருந்தது. "டேப்பு உங்களுது. கண்ணு என்னுது. கட்டினா ஏறி நிக்குதே" என்றார் அத்தை. இந்தப் புடவை வேண்டாம் என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். முதலாளி ஏகாம்பரம் அண்ணன் பக்கம் திரும்பினார். "இன்னாய்யா இது? நீ எடுத்துக்கினு போ. வேற நெய்ஞ்சி குடு." ஏகாம்பரம் அண்ணன் மேடை அருகே வந்து, குந்தி உட்கார்ந்து, பார்டரைக் கையில் எடுத்துப் பார்த்தார். அங்கே மெரூன் வார் அவர் கண்ணில் பட்டுவிட்டது. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். பிறகு பார்டரை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். "தறி அகலம் எதுவோ அதுதான் மொதலாளி வரும்" என்றார். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

எனக்குப் பயமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. வெட்கம்தான் அதிகம். அந்த மனிதர் ஒரு மாத வேலையை மடித்து எடுத்துக்கொண்டு போவதை நான் செருப்பின் மேல் நின்று பார்க்க முடியுமா? முகூர்த்தப் புடவையைக் கணுக்கால் வரை தூக்கிப் பிடித்தேன். "புடவை சரியாத்தான் இருக்குதும்மா. நான்தான் ஒசந்து நிக்கறேன்."

பர்வீன் பழக்க தோஷத்தில் "மாம்பழக் கலர்" என்றாள். ஏகாம்பரம் அண்ணன் முதலாளி கையிலிருந்த டேப்பை வாங்கி, குனிந்து, என் செருப்பின் கனத்தை அளந்தார். ஒன்றரை அங்குலம். செருப்பைக் கழற்றி இறங்கினேன். பார்டர் வந்து தரையில் உட்கார்ந்தது. அத்தை தோளிலிருந்து பையை இறக்கினார். புடவையைப் பார்த்தார், அப்புறம் என் செருப்பை எடுத்து, பாய் செய்த மாதிரியே வளைத்துப் பார்த்தார். "புடவைய பேக் பண்ணுங்க. நான் இருபத்திரெண்டு வருஷமா சிமெண்ட் தரையில நின்னுக்கினு பாடம் எடுக்கறேன், இது எந்தக் கடைன்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடு."

முதலாளி நின்ற நாள்

மறுநாள் குஞ்சம் கட்டும் மனநிலையோடுதான் கடைக்குப் போனேன். வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டேன். முதலாளி எல்லாரையும் கூப்பிட்டார். முப்பது வருடமாக அவர் அப்பா செருப்பில்லாமல் இதே தொழிலைச் செய்தார் என்று ஆரம்பித்தார். பர்வீன் ரொம்பப் பணிவாகக் கை கட்டிக்கொண்டு, "அவரு மெத்தையில உக்காந்துக்கினுதானே மொதலாளி செஞ்சாரு? இந்தத் தரையில எப்படி நிக்கறதுன்னு நீங்க ஒரு நாள் நின்னு காட்டுங்க, நாங்க கத்துக்கறோம்" என்றாள்.

ரோஷக்காரர். நின்றார். பத்து மணிக்கு நிமிர்ந்து நின்றார். பன்னிரண்டுக்குக் கவுண்டரில் சாய்ந்தார். இரண்டு மணிக்கு ஒற்றைக் காலில் மாறி மாறி நின்றார். மூன்று மணிக்கு, ஸ்டாஃப் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு கணவரிடம் போய், "கொஞ்சம் தள்ளிக்கறீங்களா?" என்று கேட்டார். மறுநாள் காலை அவர் முதல் அடி எப்படி இருந்தது என்று நாங்கள் கேட்கவில்லை, அவர் வந்த நடையே சொன்னது.

நாலு நாள் கழித்து சரக்கு ஏற்றிய ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. ஃபேக்டரியில் மிஷின் முன்னால் ஆட்கள் நிற்கப் போடுவார்களே, அந்தக் கனத்த ரப்பர் விரிப்பு, சுருள் சுருளாக. எல்லாக் கவுண்டருக்குப் பின்னாலும் விரித்தார்கள். வெறுங்காலோடு ஏறி நின்றேன். பாய் கடையில் நின்ற அதே சுகம். முதலாளி தானே குனிந்து கட்டைவிரலால் அழுத்தி, அது எழும்புகிறதா என்று பார்த்தார். பிறகு முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு சொன்னார்: "கடைக்குள்ள உனக்குச் செருப்பு கெடையாதுன்னா கெடையாதுதான், வசந்தா. தரைக்குப் போட்டுட்டேன்."

ஆக, எங்கள் கடையில் இப்போது தரை செருப்பு போட்டிருக்கிறது, நாங்கள் வெறுங்காலோடு நிற்கிறோம், சட்டத்தையும் மீறவில்லை, குதிகாலும் வலிக்கவில்லை, என்னுடைய உயரத்தில்தான் ஒன்றரை அங்குலம் நஷ்டம்.