ஏரியென்று நினைத்த அணை

பாகூர் ஏரியின் கீழ் நெல் பயிரிட்டு வாழ்ந்த என் அக்காள் கணவர், தம் அஸ்தியைப் பாபநாசத்தில் கரைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கண்மூடினார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் கடன் என்னுடையதாயிற்று. எங்கள் ஊர் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது; அதன் எல்லையைக் கடந்து ரயிலேறி, அக்காளும் நானும் பொதிகை அடிவாரம் சேர்ந்தோம். மலைமேல் தாமிரபரணியின் குறுக்கே அணை கட்டி மின்சாரம் எடுக்கத் தொடங்கியிருந்த புதிது அது.

முதலில் அணையைப் பார்க்க ஏறினோம். குன்றுகளுக்கு இடையே நெடிய கற்சுவர். அதன் பின்னே மலையின் நிழலைத் தாங்கி அசையாமல் நின்ற நீர். அந்த ஆற்றைப் போற்றும் பாடல்கள் பலவற்றை நான் மனப்பாடமாக வைத்திருந்தேன். அச்சுவரின் முன் ஒன்றும் நாவில் எழவில்லை. கைகள் தாமாகக் குவிந்தன.

அக்காள் அஸ்திக் கலயத்தை இறுக அணைத்துக்கொண்டாள்.

“இன்னாடா இது, ஏரியா கீதே. ஏரில யாராச்சும் சாம்பலப் போடுவாங்களா?”

எங்கள் ஊர் வழக்கம் அப்படி. கரை கட்டித் தேக்கிய நீரில் அஸ்தி கரைப்பதில்லை. மதகு திறந்து கால்வாயில் நீர் ஓடும்போதுதான் கரைப்போம்.

“கீழ படித்துறையில ஆறு ஓடுதேக்கா.”

“இங்க அடச்சி வச்சிட்டா அங்க எத்தினி நாளைக்கு ஓடும்? அவரு பாதி வழில நின்னுட்டா நீ போயித் தள்ளுவியா?”

அக்காளைக் கூட்டிக்கொண்டு இறங்கி வந்தேன். அடிவாரத்து மின்நிலையத்தில், மலைச்சரிவின் பெருங்குழாய்கள் வழியே பாய்ந்த நீர் சக்கரங்களைச் சுழற்றிவிட்டு, வெண்ணுரையாய் வெளியேறி ஆற்றில் கலந்துகொண்டிருந்தது. வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த தொழிலாளியிடம் அக்காள் போய் நின்றாள்.

“ஏம்பா, இந்தத் தண்ணி நின்னுடுமா?”

“நிக்கவா? நின்னா டவுன்ல வெளக்கெல்லாம் அணைஞ்சிரும்லா. பெறவு எங்கள யாரு சும்மா விடுவா?”

“ராத்திரிலயுமா ஓடும்?”

“ராத்திரிக்குத்தான தாயி வெளக்கே.”

அக்காள் அந்த நுரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆற்றைத் தேக்கிவைத்து, அதனாலேயே அதை ஓயாமல் ஓடச் செய்த மனித அறிவை வியந்தபடி நானும் நின்றேன். அந்த அறிவைத் தந்தவனையும் நினைத்துக்கொண்டேன்.

“இங்கியே வுடுடா” என்று கலயத்தை நீட்டினாள்.

நீர் வெளியேறும் இடத்துக்குச் சற்றுக் கீழே இறங்கிக் கவிழ்த்தேன். சாம்பல் நுரையில் பட்டதும் கண்ணுக்கு மறைந்தது.

“இன்னா வேகமா போறாரு பாரு” என்றாள் அக்காள். “கயனிக்குப் போகச் சொன்னா அத்தினி நேரம் கெளம்புவாரு.”