முற்றுத்தரிப்பும் யானையும்

என்னைக் கொல்லப் பார்த்த முதல் எதிரி ஒரு வசனம். அதை எழுதியவனும் நானே என்பதால் யாரிடமும் முறையிட வழியில்லாமல் போயிற்று.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. ஒட்டுசுட்டானுக்கு அப்பால் காட்டை வெட்டி, பழைய குளமொன்றைத் திருத்தி, யாழ்ப்பாணத்திலிருந்து எங்களைப் போன்ற குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்றியிருந்தார்கள். பள்ளிக்கூடம் ஒரு கிடுகுக் கொட்டகை. எல்லா வகுப்புகளும் அதற்குள்ளேயே, ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கும். எங்கள் ரீச்சர் வடமராட்சிப் பக்கத்திலிருந்து வந்தவர். ஆள் மெலிவு, குரலும் மெலிவு. பிடித்த பிடியை மட்டும் விடமாட்டார்.

ஒருநாள் எங்கள் குளத்தைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார். நான் குளத்தில் தொடங்கி, வாய்க்காலில் இறங்கி, வாய்க்காலில் விழுந்த கன்றுக்குட்டி, அதைத் தூக்கிய சித்தப்பா, சித்தப்பாவின் இடுப்புப் பிடிப்பு, அதற்கு அம்மா காய்ச்சிய எண்ணெய் என்று எல்லாவற்றையும் 'அதனால்', 'அப்போது', 'பிறகு' போட்டு ஒரே கயிறாகத் திரித்துவிட்டேன். தாள் முடிந்த இடத்தில் வசனமும் முடிந்தது. எனக்கு நல்ல பெருமை.

ரீச்சர் என்னை எழுப்பி வாசிக்கச் சொன்னார். இரண்டாம் வரி தாண்டியதும் மூச்சு எடுத்தேன்.

"எங்கை மூச்சு விட்டனீ?"

"இஞ்சை, ரீச்சர்."

"இஞ்சை ஒரு தரிப்பும் இல்லையே. நீ தரிப்புப் போட்ட இடத்திலைதான் மூச்சு விடலாம். திரும்ப முதல்லையிருந்து வாசி."

நான் நெஞ்சு நிறையக் காற்றை அடைத்துக்கொண்டு புறப்பட்டேன். கன்றுக்குட்டி வாய்க்காலில் விழும்போது காது இரைந்தது. சித்தப்பா குனியும்போது கரும்பலகை மங்கியது. எண்ணெய் காய்வதற்குள் நான் வாங்குப் பலகையில் காய்ந்துபோய் விழுந்திருந்தேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. ரீச்சர் சிரிக்கவில்லை.

"எழுதினவனுக்கே மூச்சு முட்டுது. வாசிக்கிறவன் என்ன பாவம் செய்தவன்?"

அன்றிரவு நான் ஒரு முடிவெடுத்தேன். இனி மூச்சுக்குப் பஞ்சம் வராது. மறுநாள் கட்டுரையில் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் ஒரு குத்துப் போட்டேன். 'குளம். பெரியது. அதில். தண்ணீர். உண்டு.' ரீச்சர் கொப்பியைப் பார்த்துவிட்டு, முற்றுத்தரிப்பு என்கிற அந்தக் குத்துக்கு நாலு மாத்திரை நேரம் நிற்கவேண்டும் என்று நினைவூட்டினார். கால்தரிப்புக்கு ஒன்று, முற்றுத்தரிப்புக்கு நாலு. வகுப்பு மேசையில் விரலால் தட்டி எண்ணியது. விக்கல் வந்தவன் மாதிரி நான் வாசித்தேன். பள்ளி விடுகிற மணி அடித்தபோது குளத்தில் தண்ணீர் வந்திருந்தது, நான் இன்னும் கரையில்தான் நின்றேன்.

"ஒரு வசனத்திலை ஒரு சங்கதி," என்றார் ரீச்சர். "அதைக் குடுத்திட்டு நில். கேக்கிறவன் விழுங்கட்டும். பிறகு மற்றதைக் குடு."

இதை நான் விழுங்க நாளாயிற்று. அக்காவோ கேட்டவுடன் பிடித்துக்கொண்டாள். அவள் ஐந்தாம் வகுப்பை முடித்து இரண்டு வருடம் வீட்டில் இருந்தாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு இல்லை. அது இருக்கிற பள்ளிக்கூடத்துக்குக் காட்டுப் பாதையால் போகவேண்டும், அதில் யானை நிற்கும். இதற்கிடையில் அவள் பெரியபிள்ளையும் ஆகிவிட்டாள். குசினி வாசலில் தேங்காய் துருவிக்கொண்டே என் கொப்பியை வாசிக்கச் சொல்லிக் கேட்பாள். தரிப்பில் நான் நிற்காவிட்டால் திருவலை நிற்கும்.

இனிப் படிக்க விடுவீர்களா என்று அவள் அப்பாவிடம் பலமுறை கேட்டாள். அப்பா ஓம் என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போய்விடுவார். அக்காவின் படிப்புப் புண்ணியத்தில் எங்கள் வயலுக்குத் தண்ணீர்க் குறை வந்ததே கிடையாது.

ஆறாம் வகுப்புக் கேட்டு வருடாவருடம் பெட்டிசம் எழுதுவது சித்தப்பாவின் வேலை. பள்ளிக்கூடங்களைப் பார்வையிட வருகிற வித்தியாதரிசியின் கையில் அதைக் கொடுப்பார். அவரும் வாங்கி மடித்துக்கொண்டு போவார். சித்தப்பாவின் பெட்டிசம் 'மகா கனம் பொருந்திய' என்று கிளம்பினால் 'தாழ்மையுள்ள' என்று வந்து சேரும்வரை எங்கும் நிற்காது. எனக்கு அந்த வியாதி எங்கிருந்து தொற்றியது என்று ரீச்சருக்கு அதை வாசித்தபோதுதான் விளங்கியது.

"தம்பி, கொஞ்சம் நிப்பாட்டி நிப்பாட்டி எழுதக்கூடாதே?" என்று சித்தப்பாவிடம் கேட்டார்.

"குத்துப் போட்டால் ஐயா அந்த இடத்திலை எழும்பிப் போயிடுவாரெல்லோ, ரீச்சர். விடாமல் பிடிச்சு வைச்சிருக்க வேணும்."

"மூண்டு வருசமாப் பிடிச்சு வைச்சிருக்கிறியள். வகுப்பு வரேல்லையே."

இந்த முறை ஒரு பிள்ளை எழுந்து வித்தியாதரிசியின் முகத்துக்கு நேரே வாசிக்கட்டும் என்று ரீச்சர் முடிவு செய்தார். எழுதியது அக்கா. ரீச்சர் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை, வெட்ட மட்டும் செய்தார். வாசிப்பதும் அக்காவே என்றுதான் ரீச்சர் நினைத்திருந்தார். வளர்ந்த பிள்ளை சபையில் எழும்பி நிற்பதா என்று அம்மா பயந்தார். அப்பா தண்ணீர் பார்க்கப் போனார். கடைசியில், வயலில் கிளி கலைத்துப் பழகிய பெரிய குரல் என்று என்னைத் தெரிந்தெடுத்தார்கள்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இரவில் கண்ணை மூடினால் வித்தியாதரிசி வந்து நின்று மாத்திரை எண்ணினார். கக்கத்துக்குள் வெங்காயம் வைத்தால் காய்ச்சல் வரும் என்று கூட்டாளி ஒருவன் சொன்னதை நம்பி, இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு படுத்தேன். காலையில் உடம்பு சுடவில்லை, நாறியது. அக்கா வந்து மோந்து பார்த்தாள்.

"எடு வெளியிலை. நீ செத்தாலும் வாசிச்சுப்போட்டுத்தான் சாக வேணும்."

அது அறுவடைக்கு முந்திய காலம். கதிர் முற்றி நின்றதால் ஆண்கள் எல்லாரும் இரவிரவாக வயற்காவலில் விழித்துவிட்டு, நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்து பின்பக்கம் குந்தியிருந்தார்கள். அப்பா கடைசித் தூணோடு சாய்ந்து நின்றார். பெண்கள் கிடுகுத் தட்டிக்கு அந்தப் பக்கம், அக்காவும் அவர்களோடு. வித்தியாதரிசி ஜீப்பில் வந்து இறங்கி, இருந்த ஒரே கைக்கதிரையில் அமர்ந்து, லேஞ்சியால் கழுத்தைத் துடைத்தார்.

சித்தப்பா தன் பெட்டிசத்தை முதலில் வாசித்தே தீருவேன் என்று நின்றார். வாசித்தார். இரவெல்லாம் விழித்திருந்த மனிதர்களுக்கு அதைவிட இதமான தாலாட்டுக் கிடையாது. ஒவ்வொரு தலையாகச் சரிந்தது. வித்தியாதரிசியும் கண்ணை மூடிக்கொண்டார், கண்ணியத்தோடு. சித்தப்பா 'தாழ்மையுள்ள' என்ற இடத்துக்கு வந்தபோது தட்டிக்கு இந்தப் பக்கம் விழித்திருந்தவர்கள் ரீச்சரும் நானும்தான்.

என்னை முன்னால் தள்ளினார்கள். தாளைப் பார்த்தால் எழுத்து இரண்டிரண்டாகத் தெரிந்தது. நல்லவேளையாக எல்லாம் மனப்பாடம். கண்ணை மூடிக்கொண்டு, வயலில் கத்துகிற குரலில் தொடங்கினேன்.

"எங்கள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை உண்டு."

நின்றேன். நாலு மாத்திரை.

"மேலே படிக்கக் காட்டுப் பாதையால் போகவேண்டும்."

நின்றேன்.

"காட்டில் யானை உண்டு."

நின்றேன். பின்பக்கமிருந்து பத்துப் பன்னிரண்டு குரல்கள் ஒன்றாக எழுந்தன.

"ஓஓஓ..."

எங்கள் வயல்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு காவல் கொட்டிலில் இருப்பவன் யானையைக் கண்டு குரல் கொடுத்து நிறுத்தினால், அடுத்த கொட்டிலில் இருப்பவன் 'ஓ' என்று நீட்டிப் பதில் கொடுக்கவேண்டும். கேட்டுவிட்டது, நான் உன் பக்கம் நிற்கிறேன் என்று அதற்குப் பொருள். கொடுக்காவிட்டால் அவன் நித்திரை கொண்டுவிட்டான் என்று ஊர் சிரிக்கும். சித்தப்பாவின் தாலாட்டில் கிடந்தவர்கள் யானை என்ற சொல்லையும் அதன் பின்னால் வந்த அமைதியையும் கேட்டதும், எங்கே இருக்கிறோம் என்று பாராமலே மானத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

பதில் வந்தால், முதலில் கத்தியவன் யானை போகிற திசையைச் சொல்லவேண்டும். அதுவும் வழக்கம். அப்பாவோடு எத்தனையோ நாள் காவலுக்குப் போனவன் நான். பயத்தில் புத்தி வேலை செய்யவில்லை, பழக்கம் வேலை செய்தது.

"வடக்காலை வருகுது, வாய்க்காலைத் தாண்டியிட்டுது," என்று கத்தினேன்.

வடக்கில்தான் பள்ளிக்கூட வாசல் இருந்தது. பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல என்னிடம் போதிய தரிப்புகள் இல்லை. ஒருவர் பள்ளிக்கூட மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டை அடிக்கத் தொடங்கினார். சின்னவர்கள் வாங்குகளில் ஏறினார்கள். சித்தப்பா கரும்பலகைக்குப் பின்னால் போனார். வித்தியாதரிசி சப்பாத்தோடு மேசைமேல் நின்றார், எப்போது ஏறினார் என்று யாரும் காணவில்லை. நான் அதே மேசைக்குக் கீழே புகுந்துகொண்டேன். யானை என் வாயிலிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். ஆனால் இத்தனை பேர் நம்பிய பிறகு எனக்கும் அதில் நம்பிக்கை வந்துவிட்டது.

அப்போது தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா வந்தாள். அம்மா அவளுடைய பாவாடையைப் பிடித்திருக்கவேண்டும், ஒரு கை தெரிந்து மறைந்தது. குனிந்து என் கையிலிருந்த தாளைப் பிடுங்கினாள்.

"யானையும் இல்லை, பூனையும் இல்லை. எல்லாரும் இருங்கோ."

இருந்தார்கள். மேசைமேல் நின்றவர் மட்டும் இறங்க மறந்துபோனார். அக்கா அவரை அண்ணாந்து பார்த்து, முதலிலிருந்து வாசித்தாள். குரல் பெரிதில்லை. ஒவ்வொரு வசனத்துக்குப் பிறகும் நின்றாள். அந்த இடைவெளியில் கிடுகில் காற்று உரசுவது கேட்டது. ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் பலர் வீட்டில் இருக்கிறார்கள் என்றாள். நின்றாள். அவர்கள் படித்ததை மறந்துகொண்டு வருகிறார்கள் என்றாள். நின்றாள். யானை உண்டு என்ற இடத்தில் இம்முறை ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"ஆறாம் வகுப்பு வேண்டும்," என்று முடித்தாள். தாளில் அதுதான் கடைசி. எனக்குத்தான் எல்லாம் பாடமாயிற்றே.

ஆனால் அவள் தாளை மடித்துக்கொண்டு நின்றாள். வித்தியாதரிசியைப் பார்க்காமல், கூட்டத்தின் தலைகளுக்கு மேலால் பின்பக்கம் பார்த்தாள். பிறகு தாளில் இல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"அந்த வகுப்பிலை முதல் ஆளாய் வந்து நான் இருப்பன்."

சொல்லிவிட்டு நின்றாள். மேசைக்கடியில் நான் பழக்கத்தில் விரலை மடக்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அவள் இன்னும் நின்றாள். நாலுக்கு மேல் எப்படி எண்ணுவது என்று ரீச்சர் சொல்லித்தரவில்லை. மேசைமேல் சப்பாத்துகள் அசையவில்லை. ஆண்கள் ஒவ்வொருவராகத் தலையைத் திருப்பிக் கடைசித் தூணைப் பார்த்தார்கள்.

"ஓஓ," என்றது ஒரு குரல். வயலில் கொடுக்கிற அதே நீட்டு, கொஞ்சம் கரகரப்பு. அப்பாவுடையது.

ரீச்சர் லேஞ்சி தேடினார். வித்தியாதரிசி மெல்ல இறங்கி, இதை எழுதியது யார் என்று கேட்டு, தாளைத் தன் சட்டைப்பையில் வைத்தார். அடுத்த வருடம் ஆறாம் வகுப்பு வந்தது. அதில் முன்வாங்கில் இருந்தவளுக்குப் பின்னால் இருந்து, அவளுடைய தம்பி என்ற பட்டத்தோடு நான் படித்த கதை வேறு.

அன்று வீட்டுக்குப் போகிற வழியில் எனக்கு அப்பாவை நினைத்து ஒரே வெட்கம். எல்லாரும் தெளிந்து இருந்த பிறகு, அவ்வளவு நேரம் பிந்தி, எங்கள் அப்பா ஒருவர்தானா நித்திரையால் எழும்பிப் பதில் கொடுக்கவேண்டும். அவர் மண்வெட்டி இல்லாமல் அக்காவோடு முன்னால் நடந்துகொண்டிருந்தார். நான் அம்மாவின் கையைச் சுரண்டினேன்.

"அம்மா, அப்பா இன்னும் யானை வருகுதெண்டுதான் நினைச்சுக்கொண்டு போறார். ஆராவது அவருக்குச் சொல்லுங்கோவன்."

அம்மா சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் சொன்னதற்குத்தான் சிரிக்கிறார் என்று நினைத்து, நானும் உரத்துச் சிரித்தேன்.